01 என்றால் ஜொகூர்வாசியா? கணினி போடும் நிபந்தனை

வங்கிக் கடன், உதவித்தொகை, மிகைநேரச் சம்பளம் போன்றவற்றில் முதல் முடிவைப் பல இடங்களில் கணினியே எடுக்கிறது. 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்று எழுதிய விதிகளை விண்ணப்பதாரரின் விவரங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே அதன் வேலை. 'இருந்தால்' என்பது நிபந்தனை. 'செய்' என்பது நடவடிக்கை. கோளாறு பெரும்பாலும் நிபந்தனையில்தான் ஒளிந்திருக்கும்.

நம் மைகாட் எண்ணையே எடுத்துக்கொள்வோம். அதில் 12 இலக்கங்கள். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம். ஜொகூருக்கு 01 மட்டுமல்ல, 21 முதல் 24 வரையும் உண்டு.

ஜொகூரில் வசிப்போருக்கு ஓர் உதவித்திட்டம் என்று வைத்துக்கொள்வோம். '7, 8ஆவது இலக்கங்கள் 01 என்றால் ஏற்றுக்கொள்' என்று விதி எழுதினால் என்ன ஆகும்? 21 உள்ளவர் ஜொகூரில் பிறந்தும் விடுபடுவார். ஈப்போவில் பிறந்து 20 ஆண்டுகளாக ஸ்கூடாயில் வாழ்பவரின் எண்ணில் இருப்பது 08. அவருக்கும் கதவு அடைபடும். ஜொகூர் பாருவில் பிறந்து கோலாலம்பூரில் குடியேறியவரோ தேறிவிடுவார். கணினி சொன்னதைத்தான் செய்தது. வசிப்பிடத்தைக் கேட்க வேண்டிய இடத்தில் பிறப்பிடத்தைக் கேட்டவர் மனிதர்.

பெயரிலும் இதே தொல்லை. ஒரு பத்திரத்தில் 'ஏ/எல்', இன்னொன்றில் 'அனாக் லெலாக்கி', சிங்கப்பூர்ப் பத்திரத்தில் 'எஸ்/ஓ'. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் ஒரே மனிதர் மூவராகிவிடுவார். ஆகவே மலேசியப் பத்திரங்களை அடையாள அட்டை எண்ணால் இணைப்பதே பாதுகாப்பு.

வருமானக் கட்டம் காலியாக இருந்தால்? காலி என்பது சுழியம் அல்ல. அத்தகைய மனுவை ஏற்கவும் கூடாது, தள்ளவும் கூடாது. அதிகாரியின் பார்வைக்கு அனுப்ப வேண்டும். இதற்கும் தனி விதி தேவை.

ஆயிரக்கணக்கான விதிகளைக் கணினி எப்படி விரைவாகப் பார்க்கிறது? சார்ல்ஸ் ஃபோர்ஜி 1979-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழக முனைவர் ஆய்வில் விளக்கிய 'ரீட்டி' முறை இதற்குப் பெயர்பெற்றது. இலத்தீனில் 'வலை' என்று பொருள். பல விதிகளுக்குப் பொதுவான நிபந்தனையை ஒரே முறை சோதித்து நினைவில் வைக்கும். விவரம் மாறினால் மாறிய பகுதியை மட்டும் மீண்டும் பார்க்கும்.

ஆனால் வேகம் நியாயம் ஆகாது. தவறான நிபந்தனை வேகமாக ஓடினால், தவறும் வேகமாகப் பரவும். ஆகவே மனு நிராகரிக்கப்பட்டால் வாசகர்கள் பேசாமல் திரும்பிவிட வேண்டாம். 'எந்த நிபந்தனையில் தவறியது?' என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாத விதியை மறுபரிசீலனை செய்வதே முறை.