நோயை மறைப்பதில் மானம் இல்லை

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையை அடுத்த பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகைக்குக் கூடும் வரிசைகளைக் கண்டவர்கள் அறிவார்கள். பட்டறையிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு ஓடிவந்து, அவசரமாக உளூச் செய்து நிற்கும் இளைஞர்களே அவ்வரிசைகளில் மிகுதி. சில ஆண்டுகளுக்கு முன் அவர்களுள் ஒருவர் முதல் வரிசையை விட்டுக் கடைசி வரிசைக்கு மாறினார். பிறகு வாராமலே இருந்துவிட்டார். நலம் விசாரிக்க அவர் இல்லம் சென்றேன். அவருடைய தாயார் கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் கூறினார்: “பிள்ளைக்கு எலும்புருக்கி என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஹஜ்ரத். துஆச் செய்யுங்கள். ஆனால் வெளியே தெரிய வேண்டாம். மகளைப் பெண் பார்க்க வரவிருக்கிறார்கள்.”

நான் துஆச் செய்தேன், இரகசியத்தையும் காத்தேன். அதோடு என் கடமை முடிந்தது என்று எண்ணிக்கொண்டேன். “மருந்து ஒழுங்காக உட்கொள்கிறாரா?” என்ற ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை.

மூன்றாம் மாதம் இருமல் நின்றது. உடல் தேறியது. சுகாதார ஊழியர் வந்தால் அண்டை வீட்டார் அறிந்துவிடுவார்களே என்ற அச்சத்தில் அவர் விலாசத்தையும் தொலைபேசி எண்ணையும் மாற்றிக் கொடுத்திருந்தனர். நலம் வந்துவிட்டதென்று மாத்திரையையும் நிறுத்தினர். எட்டாம் மாதம் அவர் இரத்தம் கக்கினார். அவ்வீட்டின் ஆறு வயதுக் குழந்தைக்கும் நோய் தொற்றியிருப்பது அப்போதுதான் தெரியவந்தது. இறையருளால் இருவரும் நீண்ட சிகிச்சைக்குப் பின் குணமடைந்தனர். ஆனால் நான் கேளாமல் விட்ட அக்கேள்வி இன்றும் என்னை உறுத்துகிறது.

சானடோரியத்திலிருந்து வீட்டுக்கு

நம் பகுதி மக்களுக்குக் காசநோய் புதியதன்று. தாம்பரத்தை அடுத்த இரயில் நிலையத்தின் பெயரே ‘தாம்பரம் சானடோரியம்’ அல்லவா? 1928 ஆம் ஆண்டு டாக்டர் டேவிட் சௌரிமுத்து அவர்கள் இங்கே ஒரு காசநோய் மருத்துவமனையை நிறுவினார். 1937 இல் அதனை அரசு ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகிறது. அக்காலத்தில் இந்நோய்க்கு நம்பகமான மருந்து இல்லை. தூய காற்று, ஓய்வு, நல்லுணவு இவையே சிகிச்சை. நோயாளி ஊரையும் உற்றாரையும் பிரிந்து மாதக்கணக்கில் சானடோரியத்தில் கிடக்க வேண்டும். படுக்கைகளோ மிகச் சில, நோயாளிகளோ எண்ணிலடங்காதவர்.

மருந்துகள் கண்டுபிடிக்கப்பட்ட பின் ஒரு கேள்வி எழுந்தது. வறுமையும் நெருக்கடியும் நிறைந்த தம் வீட்டில் இருந்தபடியே ஓர் ஏழை குணமடைய முடியுமா? இக்கேள்விக்கு விடை கண்ட நகரம் நம் சென்னைதான். 1956 ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கைகோத்துச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் ஒன்றைத் தொடங்கின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதற்குத் தலைமை தாங்கினார். நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும், மறு பகுதியினருக்கு அவரவர் வீட்டிலும் ஒரே மருந்தைக் கொடுத்து ஆராய்ந்தனர். 1959 இல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தோரும் சானடோரியத்தில் இருந்தோரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தேறியிருந்தனர். வீட்டில் சிகிச்சை பெற்றதனால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை என்பதைத் தொடர்ந்து நடந்த ஆய்வு காட்டியது. உலக நாடுகள் பலவும் காசநோய்ச் சிகிச்சையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவர இவ்வாய்வு வழிகாட்டிற்று.

இதில் நாம் கவனிக்கத் தக்கது ஒன்று உண்டு. சிகிச்சை வீட்டுக்கு வந்த அன்றே வீடும் மருத்துவமனையின் ஒரு பகுதியாகிவிட்டது. தாயும் மனைவியும் தாதியராயினர். சானடோரியத்தில் மருந்தைக் கையில் கொடுத்து விழுங்கச் செய்ய ஒருவர் இருந்தார். வீட்டில் அப்பொறுப்பு நம்முடையது.

அரசின் ஏற்பாடும் நம் கதவும்

இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை போதுமானது. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள். பின் நான்கு மாதம் மூன்று மருந்துகள். சில வாரங்களிலேயே கிருமிகளில் பெரும்பாலானவை மடிந்து இருமல் தணிகிறது; பிறருக்குத் தொற்றும் ஆபத்தும் பெரிதும் குறைகிறது. ஆயினும் சில கிருமிகள் உறங்கிக் கிடக்கும். இடையில் மருந்தை நிறுத்தினால் அவை மீண்டெழும். அம்மருந்துக்கே அடங்காத வலிமையும் பெற்றுவிடக்கூடும். அந்த இளைஞரின் வீட்டார் குணத்தின் தொடக்கத்தைக் குணத்தின் முடிவென்று கருதிவிட்டனர்.

சளிப் பரிசோதனையும் மருந்தும் அரசு நிலையங்களில் இலவசம். 2012 ஆம் ஆண்டு முதல், தனியார் மருத்துவர்களும் தாம் கண்டறியும் காசநோயாளிகளை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி நடப்பில் உள்ளது. நோயாளியின் உணவுக்கென 2018 ஏப்ரல் முதல் மாதந்தோறும் 500 ரூபாய் வழங்கப்பட்டது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2022 இல் தமிழக அரசு தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ நோய் கண்டவுடனே நோயாளியின் எடை, மூச்சு, பிராணவாயு அளவு முதலியவற்றை ஆராய்ந்து, மிகவும் நலிந்தவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்க வழிசெய்கிறது. வீட்டிலுள்ள மற்றவர்களையும் பரிசோதித்து, தேவைப்படுவோர்க்கு நோய் வராமல் தடுக்கும் மாத்திரையும் கொடுக்கின்றனர். 1999 முதல் சென்னையில் இயங்கிவரும் ‘ரீச்’ போன்ற தொண்டு நிறுவனங்கள் தனியார் மருத்துவர்களையும் அரசுத் திட்டத்தையும் இணைத்துப் பணியாற்றுகின்றன.

இத்தனை கைகள் கோத்த சங்கிலி எங்கே அறுந்தது? அந்த வீட்டின் சாத்திய கதவில் அறுந்தது. அதை அறிந்தும் வாளாவிருந்த என்னிடத்திலும் அறுந்தது.

கலீபா காட்டிய வழி

கி.பி. 638-39 ஆம் ஆண்டுகளில் சிரியா நாட்டைப் பீடித்த கொள்ளைநோயை வரலாறு ‘அம்வாஸ் கொள்ளைநோய்’ என்று குறிக்கிறது. அந்நாட்டை நோக்கிப் பயணம் புறப்பட்ட கலீபா உமர் (ரலி) அவர்களுக்கு ஸர்க் என்னுமிடத்தில் நோய்ச் செய்தி எட்டியது. அவர்கள் தாமே முடிவெடுத்துவிடவில்லை. முதலில் முஹாஜிர்களை அழைத்தார்கள். பின்னர் அன்ஸாரிகளை அழைத்தார்கள். அதன்பின் குறைஷி முதியோரை அழைத்துக் கருத்துக் கேட்டார்கள். முதியோர் அனைவரும் திரும்பிவிடுமாறு கூறவே, அவ்வாறே முடிவு செய்தார்கள். இறைவனின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின்பால் செல்கிறோம் என்னும் கருத்துப்பட விடையளித்தார்கள். நோய் பரவிய ஊருக்குள் நுழைய வேண்டா, அங்கிருப்போர் வெளியேறவும் வேண்டா என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருந்ததை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து எடுத்துரைத்தபோது கலீபா அவர்கள் இறைவனைப் புகழ்ந்தார்கள்.

ஊர் நலம் ஒருவர் தனித்து முடிவு செய்யும் காரியமன்று. கலந்து செய்யும் காரியம் என்பதும், விதியை நம்புவது மருந்தைக் கைவிடுவதாகாது என்பதும் இதில் நமக்குள்ள படிப்பினைகளாம்.

ஜமாஅத் என்ன செய்யலாம்?

முதலாவதாக, இரகசியம் காப்பதற்கும் நோயை மறைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் உணர வேண்டும். பிறர் குறையைத் தெருவில் பரப்பாதிருப்பது மார்க்கம் போற்றும் பண்பு. மருத்துவரிடமும் சுகாதார ஊழியரிடமும் மறைப்பதோ நோயாளிக்கும் அண்டை வீட்டாருக்கும் இழைக்கும் தீங்கு. இரண்டு வாரம் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதிக்கச் சொல்வது மிம்பரிலிருந்தும் சொல்லத் தக்க நற்போதனையே.

இரண்டாவதாக, இழிவு கற்பிப்பதை நிறுத்த வேண்டும். காசநோய் இருமலால் காற்றின் வழியே பரவுவது. ஒரே தட்டில் உண்பதாலோ, கைகொடுத்து ஸலாம் சொல்வதாலோ, உடையைத் தொடுவதாலோ பரவுவதன்று. குணமடைந்தவர் வீட்டில் பெண் எடுக்கத் தயங்குவோர் இருக்கும்வரை, தாய்மார் கதவைச் சாத்திக்கொண்டேதான் இருப்பார்கள். அந்தத் தாயாரை அப்படி நடக்கச் செய்ததில் நம் அனைவருக்கும் பங்குண்டு.

மூன்றாவதாக, உணவு. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2,800 காசநோயாளிகளின் வீட்டாரிடையே ஓர் ஆய்வு நடைபெற்றது. வீட்டார் அனைவருக்கும் சத்துணவுப் பொருள்கள் வழங்கப்பட்ட குடும்பங்களில், மற்றவர்களுக்கு நோய் வருவது ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்தது. சத்துணவே ஒரு தடுப்பு மருந்தின் வேலையைச் செய்தது! அண்டை வீட்டார் பசித்திருக்கத் தான் மட்டும் வயிறார உண்பவன் உண்மை விசுவாசியாகான் என்ற நபிமொழியை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! 2022 செப்டம்பரில் தொடங்கிய மத்திய அரசின் ‘நிக்ஷய் மித்ரா’ ஏற்பாட்டின்படி தனி நபரோ, நிறுவனமோ, தொண்டு அமைப்போ நோயாளியின் ஒப்புதலோடு அவருக்கு மாதந்தோறும் உணவுப் பொருள் வழங்கப் பொறுப்பேற்கலாம். நம் மஹல்லாக்களின் ஸதகா நிதியில் ஒரு சிறு பகுதி இதற்கு ஒதுக்கப்படலாகாதா? தொழிற்பேட்டையில் ஒரே அறையில் பலராய்த் தங்கி உழைக்கும் வடமாநிலத் தொழிலாளரும் நம் அண்டை வீட்டாரே. கிருமி, மதத்தையும் மொழியையும் பார்ப்பதில்லை. ஸதகாவும் பார்க்க வேண்டியதில்லை.

நான்காவதாக, ரமலான் மாதத்தில் மருந்தைத் தம் விருப்பம்போல் நிறுத்திவிடுவோர் உளர். நோயாளிக்கு நோன்பிலிருந்து சலுகையளித்து, பின்னர் நிறைவேற்றிக்கொள்ள அனுமதித்திருப்பது திருமறையே. எனவே மருத்துவரைக் கேளாமல் எதுவும் செய்யலாகாது.

அந்த இளைஞர் இப்போது மீண்டும் முதல் வரிசையில் நிற்கிறார். அவர் சகோதரிக்குத் திருமணமும் இனிதே நிறைவேறியது. மணமகன் வீட்டாரிடம் உண்மையைக் கூறிய பின்னரே பேச்சு முடிந்தது என்பதை அத்தாயார் ஒருநாள் பெருமையோடு என்னிடம் சொன்னார். இப்போதெல்லாம் நோயுற்ற ஒருவர் என்னிடம் துஆக் கேட்டு வந்தால், கைகளை உயர்த்துமுன் ஒன்று கேட்டுவிடுகிறேன்: “இன்றைய மாத்திரையை உட்கொண்டீர்களா?”

நோயைத் தந்தவன் அதற்குரிய மருந்தையும் இறக்கியே வைத்திருக்கிறான் என்பது பெருமானார் (ஸல்) அவர்கள் நமக்கு அளித்த நம்பிக்கை. அம்மருந்து வாசல்வரை வரும்போது கதவைத் திறந்து வைக்கும் துணிவை, வல்ல அல்லாஹ் நம் இல்லங்களுக்கு நல்கியருள்வானாக! ஆமீன்.