முதியோர்க்கு ஒரு பாத்தி

பச்சைமலை அடிவாரத்து வேப்பந்தட்டை வட்டாரத்திலே, கரிசல் மானாவாரியில் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைவிப்பதிலேயே ஆயுளைக் கழித்த குடியானவர் ஒருவரை, பிள்ளைகள் வெளியூருக்குப் பிழைக்கப் போய்விட்ட காரணத்தால் முதியோர் இல்லமொன்றில் சேர்த்து, தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார வைத்து, வேளைக்குச் சோறும் மாத்திரையும் கொடுத்துவிட்டால் கடமை பூர்த்தியாயிற்று என்று எண்ணுவோமானால், அவரிடமிருந்து நாம் பறித்துக்கொண்டது இன்னதென்று அறியாதவர்களாகிறோம்.

தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்ளும் உரிமை முதியோருக்கு என்ன செய்கிறது என்பதைப் பரிசோதித்துப் பார்த்தவர்கள் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் அமெரிக்க உளவியலார் இருவர். கனெக்டிகட் மாகாணத்து முதியோர் இல்லமொன்றில் அவர்கள் நடத்திய ஆராய்ச்சி 1976-இல் வெளியாயிற்று. ஒரு மாடியில் இருந்தவர்களிடம், உங்கள் காரியங்களை நீங்களே தீர்மானியுங்கள் என்று சொல்லி, தாங்களே பராமரிக்கும்படி ஆளுக்கொரு செடி கொடுத்தார்கள். மற்றொரு மாடியினருக்கும் செடி கிடைத்தது, ஆனால் அதற்கு நீர் வார்த்தவர்கள் தாதியர். பதினெட்டு மாதங்களுக்குப் பின் பார்த்தபோது முதல் பிரிவினரில் 47 பேருக்கு 7 பேரும், இரண்டாவதில் 44 பேருக்கு 13 பேரும் காலஞ்சென்றிருந்தனர். இந்த மரணக் கணக்கின் புள்ளியியல் உறுதி முதலில் கூறிய அளவுக்கு இல்லையென்று ஆராய்ச்சியாளர்களே பிற்பாடு திருத்தம் வெளியிட்டார்கள். செடியோடு சுயாதீனமும் சேர்த்தே வழங்கப்பட்டமையால் புகழ் முழுவதையும் செடிக்குக் கொடுப்பதும் நியாயமன்று. எனினும் முதல் பிரிவினரின் உற்சாகமும் சுறுசுறுப்பும் மிகுந்திருந்ததைத் தாதியரே கண்டு மதிப்பிட்டிருந்தனர்.

பசுமையைப் பார்ப்பதிலும் பயன் உண்டு. பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்றவர்களில், ஜன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள் செங்கற்சுவரைக் கண்டவர்களைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர் என்று ராஜர் உல்ரிச் 1984-இல் எழுதினார். ஆனால் மண்ணிலேயே கை வைத்து வாழ்ந்தவருக்கு வெறும் காட்சி போதுமா?

நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பின், ஆதரவற்ற முதியோருக்காக ஹெல்ப்ஏஜ் இந்தியா கடலூர் அருகே அமைத்த தாமரைக்குளம் முதியோர் கிராமத்தில், அங்கே வசிப்பவர்களே காய்கறி பயிரிடுகிறார்கள்.

இத்தகைய தோட்டத்துக்குப் பெருஞ்செலவு ஒன்றுமில்லை. குனிய இயலாதவர்க்கு இடுப்பளவு உயரத்தில் கட்டிய பாத்தி, சக்கர நாற்காலி செல்லும் வழுக்காத பாதை, இளைப்பாற நிழல், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, காலை வெயில் படும் இடம் ஆகியவை போதும். அறிவு மங்கியவர்கள் இருக்குமிடத்தில் பாதை புறப்பட்ட இடத்துக்கே சுற்றி வந்து சேரவேண்டும். விஷமுள்ள அரளியும் அங்கே ஆகாது. கீரை விதைத்தால் ஒரு மாதத்துக்குள் சமையலறைக்கு வந்துவிடும். தான் வளர்த்ததைப் பிறர் உண்ணக் காணும் திருப்தியை எந்த மாத்திரையும் தருவதாக எனக்குத் தெரியவில்லை.

மாவட்டத்துக்கு ஒன்றேனும் இருக்கும்படி, குறைந்தது 150 வறிய முதியோர் தங்கத்தக்க இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலன் பற்றிய 2007-ஆம் ஆண்டுச் சட்டம். அத்தகைய இல்லத்துக்கு வரைபடம் தயாரிப்பவர்கள் கட்டில்களுக்கு முன்பே பாத்திகளுக்கு இடம் குறிக்கட்டும். பெற்றோரைச் சேர்ப்பதற்காக இல்லம் பார்க்கப் போகும் வாசகர்களும், அங்குள்ள செடிகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.