பிலிமைக் கெடுக்கும் எக்ஸ்ரே!

ஆகாய விமானத்தில் காமிராவுடன் போகிறீர்களா? அது பிலிம் போடும் ரகமா? அப்படியானால் உஷார்!

விமான நிலையத்தில் பெட்டிகளை எக்ஸ்ரே யந்திரத்தில் விட்டுச் சோதிக்கிறார்கள். வெளிச்சம் பட்டால் பிலிம் கெடும் அல்லவா? எக்ஸ்ரே பட்டாலும் கெடும். கழுவாத பிலிமுக்குத்தான் இந்த ஆபத்து. கழுவிய பிலிமுக்கும் டிஜிட்டல் காமிராவுக்கும் பயம் இல்லை.

விமானத்தின் அடியில் ஏற்றும் பெட்டிகளுக்கு உள்ள யந்திரம் பலமானது. கல்யாணத்தில் எடுத்த பிலிமை அந்தப் பெட்டியில் வைத்து விடாதீர்கள். கழுவிப் பார்த்தால், மணமக்கள் முகத்தில் மூடுபனி படிந்து இருக்கும்!

கைப்பையில் வைத்தால் தப்புமா? முன்பு பெரும்பாலும் தப்பியது. இப்போது பல ஊர்களில் கைப்பைக்கும் "சி.டி. ஸ்கேன்" வந்து விட்டது. ஆஸ்பத்திரியில் தலையைப் படம் பிடிக்கிறார்களே, அதே வகை. ஆம்ஸ்டர்டாம் நகரின் ஸ்கிபோல் விமான நிலையத்தில் 2021 முதல் இதுதான். இதில் ஒரே தடவை போனாலும் பிலிம் கெடலாம் என்று கோடக் கம்பெனியார் எச்சரித்து இருக்கிறார்கள்.

என்ன செய்வது? பிலிம் சுருள்களை உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பையில் தனியாகப் போடுங்கள். "கையால் சோதியுங்கள், ஐயா" என்று அதிகாரியிடம் கேளுங்கள். பிலிம் மாட்டிய காமிராவையும் அப்படியே கொடுங்கள். அமெரிக்காவில் கேட்டால் செய்கிறார்கள். மற்ற இடங்களில் அது அதிகாரியின் மனசைப் பொறுத்தது. ஆகவே, நேரத்தோடு போய்விடுங்கள். வரிசை நீண்டு விட்டால் யாருக்குப் பொறுமை இருக்கும்?