அரங்கை ஆண்ட அம்மையார்: கும்பகோணம் பாலாமணி

முத்தமிழுள் நாடகத்தமிழின் வரலாற்றைக் கூறப் புகுவோர் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலிருந்து தொடங்குவது வழக்கம். ஏழுகோல் அகலமும் எட்டுக்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் உடைய அரங்கு, மூவகை எழினிகள், ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் என்று இளங்கோவடிகள் தரும் செய்திகளை ஆண்டுதோறும் வகுப்பறையில் விரித்துரைக்கிறோம். ஆயின் ஒன்றை நாம் ஊன்றி நோக்குவதில்லை. ஆடுபவள் மாதவி. அவளை அரங்கேற்றும் ஆடலாசான், இசையாசான், கவிஞன், தண்ணுமையாசான், குழலோன், யாழாசான் ஆகிய அறுவரும் ஆடவரே. பெண் மேடையில் நிற்பது தமிழர்க்குப் பழமை. பெண் மேடையை நிருவகிப்பதோ புதுமை. அப்புதுமையைச் செய்து காட்டிய கும்பகோணம் பாலாமணி அம்மாளைப் பற்றி ஈண்டுச் சில கூறுவோம்.

நம் சேலம், நாமக்கல் சமவெளி கூத்துக்குப் பெயர்பெற்ற மண். இங்குத் திரௌபதியாகவும் சந்திரமதியாகவும் விடிய விடிய அழுது ஊரையும் அழவைத்தவர்கள் ஆடவர்களே. கூத்தில் பெண்வேடத்தையும் ஆணே தாங்குவது மரபு. பின்னர் எழுந்த நாடகக் கம்பெனிகளிலும் ‘ஸ்திரீபார்ட்’ என்பது பெரும்பாலும் ஆண்பிள்ளைகளின் பணியாகவே இருந்தது. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை கற்றோர் சபை; அங்கும் ஆடவரே சேலை உடுத்தினர். இத்தகைய சூழலில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், முழுவதும் பெண்களையே கொண்டு ஒரு நாடகக் கம்பெனியை நடத்தினார் பாலாமணி. அதில் ஏறத்தாழ எழுபது பெண்கள் இருந்தனர் என்பர். அரசன், அமைச்சன், சேவகன் முதலிய ஆண்வேடங்களையும் அவர்களே ஏற்றனர்.

எழுபது பேர் என்று எழுதிவிடுவது எளிது. நாடகக் கம்பெனியின் இயல்பை அறிந்தவர்க்கே அந்த எண்ணின் கனம் விளங்கும். அக்காலக் கம்பெனி என்பது ஒரு கூட்டுக் குடும்பம். முகாமிடும் ஊரில் ‘கம்பெனி வீடு’ ஒன்று பிடித்து அனைவர்க்கும் உணவும் உறைவிடமும் அளிக்க வேண்டும். வாத்தியார் பாடம் சொல்லித் தர வேண்டும். ஹார்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் தாமதியாது வந்தாக வேண்டும். திரைச்சீலைகள், உடைப்பெட்டிகள், விளக்குகள் ஆகியவற்றை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்ல வேண்டும். கொட்டகைக்காரரோடு வாடகை பேசுதல், வசூலை எண்ணுதல், மழையால் நாடகம் நின்ற நாளிலும் அடுப்பு எரியச் செய்தல் ஆகிய யாவும் முதலாளியின் தலைமேல் விழுவன. நடிப்புத் திறன் வேறு, இத்திறன் வேறு. முன்னது வாய்த்தவர் பலர். இரண்டும் ஒருங்கே வாய்த்தவர் மிகச் சிலரே.

பாலாமணி தேவதாசி மரபில் தோன்றியவர். ஆதரவற்ற அம்மரபுப் பெண்கள் பலர்க்கு அவருடைய கம்பெனி புகலிடமாக விளங்கியது என்று கூறுவர். அக்காலத்தில் அம்மரபினர் மீது சமுதாயத்தின் ஏச்சு வலுத்து வந்தது. அவர்களுள் ஒருவரான பாலாமணியோ, எவரையும் சாராது, கட்டணச் சீட்டால் வரும் பொருளைக் கொண்டே எழுபது பேர்க்கு உணவளிக்க முற்பட்டார். செல்வரின் கொடையை நாடி வாழ்ந்த ஒரு கலைமரபு பொதுமக்கள் தரும் சில்லறைக் காசை நம்பி எழுந்து நின்றது எனலாம். இம்மாற்றத்தை நாம் சிறிதாக மதிப்பிடலாகாது.

அவர் மேடையேற்றிய நாடகங்களுள் ‘டம்பாச்சாரி விலாசம்’ குறிப்பிடத்தக்கது. காசி விசுவநாத முதலியார் இயற்றிய இது, புராணக் கதையை விட்டு நிகழ்கால வாழ்வைக் காட்டிய தொடக்ககாலச் சமுதாய நாடகங்களுள் ஒன்று. பெருஞ்செல்வன் ஒருவன் கணிகையரிடம் பொருளையெல்லாம் இழந்து சீரழிவது இதன் கதை. கணிகையர் குலத்தைப் பழிக்கும் நாடகத்தை அக்குலத்தில் பிறந்த பெண்களே நடித்துக் காட்டினர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தம்மைப் பற்றிய பழியையே முதலாக்கி அவர்கள் மானத்தோடு உணவு உண்டனர் என்றே நமக்குத் தோன்றுகிறது.

மற்றொரு நாடகம் ‘தாரா சசாங்கம்’. அதைக் காண்பதற்காகத் திருச்சி முதலிய ஊர்களிலிருந்து கும்பகோணத்திற்குத் தனி இரயில் விடப்பட்டதாகவும், மக்கள் அதனைப் ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்று அழைத்ததாகவும் நாடக வரலாறு எழுதியோர் குறிப்பர். அந்நாடகத்தின் ஒரு காட்சியை மட்டும் கண்சிமிட்டிப் பேசுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். இரயில் வரும் நேரத்தை ஒட்டி நாடகத்தைத் தொடங்கி, திரும்பும் நேரத்தை ஒட்டி முடிக்கும் ஒழுங்கு எவருடையது என்று வினவுவோரைக் காணோம்.

இதற்குக் காரணம் உண்டு. பம்மலார் ‘நாடகமேடை நினைவுகள்’ எழுதினார்; அவ்வை தி.க. சண்முகம் ‘எனது நாடக வாழ்க்கை’ எழுதினார். ஆகவே சபைகளின் உள்நிலையையும் பாலர் கம்பெனிகளின் உள்நிலையையும் நாம் அறிவோம். பாலாமணியின் கம்பெனியையோ வெளியிலிருந்து கண்டோரே எழுதினர். வெளியிலிருந்து காண்போர்க்கு அழகும் அணிகலனும் கூட்டமும் கண்ணில் படும், கணக்கேடு படாது.

அவருடைய இறுதிக்காலம் மதுரையில் வறுமையில் கழிந்தது. தலைவி தளர்ந்ததும் கம்பெனியும் மறைந்தது. ஜெர்மனி நாட்டிலும் இத்தகைய வரலாறு ஒன்றுண்டு. 1697இல் பிறந்த கரோலின் நாய்பர் என்னும் அம்மையார் லைப்சிக் நகரில் நாடகக் குழு ஒன்றின் தலைவியாக விளங்கினார். மேடையில் கோமாளியின் கொச்சைப் பேச்சை ஒழிக்க முயன்றார். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற லெஸ்ஸிங்கின் முதல் நாடகத்தை 1748இல் மேடையேற்றியது இவருடைய குழுவே. அவரும் 1760இல் டிரெஸ்டன் அருகே வறுமையில் மாண்டார். ஆனால் அந்நாட்டில் பின்னர் நகராட்சிகளும் அரசுகளும் நாடக அரங்குகளைத் தம் செலவில் நடத்தத் தலைப்பட்டன. நடிகர்க்கு மாதச் சம்பளமும் இயக்குநர்க்கு ஒப்பந்தக் காலமும் வகுக்கப்பட்டன. கிழக்குப் பெர்லினில் பெர்லினர் ஆன்சாம்பிள் என்னும் அரங்கை 1949 முதல் தலைமையேற்று நடத்திய ஹெலன வைகல், கணவர் பிரெக்ட் 1956இல் மறைந்த பின்னரும் தம் இறப்புவரை, அதாவது 1971வரை, அப்பொறுப்பில் இருந்தார். அவருக்குப் பின்னும் அரங்கு நிற்கிறது. தனிமனிதர் உழைப்பில் மட்டும் நிற்கும் கம்பெனிக்கும் பொதுப்பணத்தில் நிற்கும் அரங்கிற்கும் உள்ள வேறுபாடு இதுவே. நம் நகராட்சிகள் கலையரங்கக் கட்டடங்களை எழுப்பியுள்ளன. அவற்றுள் சம்பளம் பெறும் நாடகக் குழுவைக் குடியமர்த்தும் எண்ணம் வேரூன்றவில்லை. அவற்றுள் நடப்பவை பெரும்பாலும் திருமண வரவேற்புகள்!

பாலாமணிக்குப் பின் மேடையில் புகழ்பெற்ற பெண்கள் பலர் தோன்றினர். காவிரியின் மறுகரையில், நம் நாமக்கல் மாவட்டத்தை நோக்கி நிற்கும் கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் நாடக மேடையிலிருந்து உயர்ந்து சட்ட மேலவை உறுப்பினரானார். சிறுவயதிலேயே மேடையேறிய டி.பி. இராஜலட்சுமி 1936இல் ‘மிஸ் கமலா’ படத்தைத் தாமே எழுதி இயக்கினார்.  அண்மைக் காலத்தில் அ. மங்கை நெறியாளராக நின்று பெண்களைக் கொண்டு பல நாடகங்களை அரங்கேற்றியுள்ளார். சென்னைப் புதுக்கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றிய கவிஞர் இன்குலாப் எழுதிய ‘ஔவை’ அவற்றுள் ஒன்று. சுந்தராம்பாள் 1953இல் திரைப்படத்தில் காட்டிய முதிய ஔவைக்கு மாறாக, பாணர் மரபில் ஆடிப்பாடித் திரிந்த இளம் ஔவையை அந்நாடகம் காட்டியது.

நம் துறையில் ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவியர் ஆண்டுதோறும் உவமை நயத்தையே நாடி வருகின்றனர். அவர்கள் ஒருமுறை சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சென்று பழைய நாடக நோட்டீசுகளையும் பாட்டுப் புத்தகங்களையும் புரட்டிப் பார்க்கலாம். சீட்டு விலை, ஆட்ட நேரம், நடிகையர் பெயர் வரிசை, கீழே முதலாளியின் பெயர் என அச்சிட்ட அத்தாள்களிலிருந்தே பெண்கள் நடத்திய கம்பெனிகளின் உட்கணக்கைத் தொகுக்கத் தொடங்கலாம்.