நெடுந்தூர ஜெட் விமானங்கள்: ஆர்டர் முதல் ஒப்படைப்பு வரை

கொல்கத்தா நகரின் கிழக்கெல்லையில் இருந்த உவர்நீர் ஏரிகளை, ஹூக்ளி நதியின் வண்டலைக் குழாய் வழியே கொண்டுவந்து தூர்த்து, 1960-களில் உருவாக்கத் தொடங்கிய குடியிருப்பு நகரம் சால்ட் லேக். அங்குள்ள மேல்மாடிகளிலிருந்து நோக்கினால், சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள தம்தம் விமான நிலையத்துக்கு வந்து போகும் விமானங்கள் நாள் முழுவதும் தென்படும். அவற்றுள் பெரும்பாலானவை உள்நாட்டில் பறக்கும் சிறு ஜெட் விமானங்களே. இவ்வூரிலிருந்து லண்டனுக்குச் செல்ல விரும்பும் பிரயாணி, டில்லியிலோ துபாயிலோ தோஹாவிலோ இறங்கி வேறு விமானம் ஏற வேண்டும். 2025ஆம் ஆண்டு முடியும் வரையிலும் கொல்கத்தாவிலிருந்து ஐரோப்பாவுக்கு நேரடிச் சேவை ஏதும் நிலைபெறவில்லை. சென்னைவாசிகளுக்கு லண்டனுக்கும் பிராங்பர்ட்டுக்கும் உள்ள வசதி இவர்களுக்கு இல்லை.

தம்தம் நிலையத்தில் 3,600 மீட்டருக்கு மேற்பட்ட நீளமுள்ள ஓடுபாதை இருக்கிறது. ஆகவே குறை தரையில் இல்லை. இந்தியக் கம்பெனிகள் நூற்றுக்கணக்கான விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருப்பதைப் பத்திரிகைகளில் படிக்கிறோம். அங்ஙனமாயின் அவ்விமானங்கள் எங்கே என்னும் வினா இயல்பாகவே எழுகிறது. இதற்கு விடை காண, விமான ஆர்டர் என்பது யாது, அது எவ்வாறு விமானமாக மாறுகிறது என்பதை அறிதல் வேண்டும்.

முதலில் ஒரு விசித்திரத்தைக் குறிப்பிடலாம். ஒரு காலத்தில் கல்கத்தாவைத் தொடாமல் கிழக்குலகுக்குச் செல்வதே அரிதாயிருந்தது. 1947இல் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் கம்பெனி சிட்னியிலிருந்து லண்டனுக்கு விமானம் விடத் தொடங்கியபோது, சிங்கப்பூருக்கும் கராச்சிக்கும் இடையே கல்கத்தா ஒரு தங்குமிடமாயிருந்தது. பிரயாணம் முழுவதும் நான்கு நாட்கள் பிடித்தது. 1952இல் பிரிட்டனின் காமெட் ஜெட் விமானம் வந்தபோதும் நிலைமை அதுவே. 36 பிரயாணிகளை ஏற்றிய அந்த விமானம், ஒரு முறை நிரப்பிய எண்ணெயைக் கொண்டு ஏறத்தாழ 2,400 கிலோமீட்டரே செல்லக்கூடியது. 1953 மே 2ஆம் நாள் தம்தம்மிலிருந்து எழுந்த காமெட் ஒன்று சில நிமிஷங்களுக்குள் புயல்மழையில் சிக்கிச் சிதறி, அதிலிருந்த 43 பேரும் மாண்ட துயரத்தையும் இந்நகரம் கண்டிருக்கிறது. பின்னர் விமானங்களின் வீச்சு பெருகப் பெருக, இடைத்தங்கல்கள் தேவையற்றுப் போயின. எண்ணெய் நிரப்புவதற்காக இறங்கியவர்கள் இறங்காமலே மேலே பறந்து சென்றனர். 2009இல் பிரிட்டிஷ் ஏர்வேஸும், 2012இல் ஜெர்மனியின் லுப்தான்ஸாவும் கொல்கத்தா சேவையை நிறுத்தின. 2020இல் ஏர் இந்தியா லண்டனுக்குத் தொடங்கிய நேரடிச் சேவையும் நீடிக்கவில்லை.

வீச்சு பெருகியதால் இழந்த சேவையை, வீச்சு பெருகிய விமானமே மீட்டுத்தரவும் கூடும். நானூறு பேரை நிரப்ப இயலாத நகரம் இருநூற்றைம்பது, முந்நூறு பேரை நிரப்பக்கூடும். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற இரண்டு எஞ்சின் விமானங்கள், ஏறக்குறைய அத்தனை பேரைக் குறைந்த எண்ணெய்ச் செலவில் 8,000 கிலோமீட்டருக்கு அப்பாலும் கொண்டுசெல்ல வல்லவை. கொல்கத்தாவிலிருந்து லண்டன் ஏறத்தாழ அத்தூரமே. ஆகவே கொல்கத்தாவின் நலம், தூலூஸிலும் தென் கரோலினாவிலும் உள்ள தொழிற்சாலைகளின் கால அட்டவணையோடு பிணைந்திருக்கிறது எனலாம்.

ஆர்டர் என்பது யாது?

அரசாங்க மொழிபெயர்ப்பில் ஆர்டர் என்பதை ‘ஆணை’ என்றெழுதும் வழக்கம் உண்டு. விமான விஷயத்தில் அச்சொல் பொருந்துவதாகத் தோன்றவில்லை. ஆணை என்றால் உடனே நிறைவேற்றப்பட வேண்டியது. விமானம் வாங்குபவர் பெறுவதோ வரிசையில் ஓர் இடம். இன்ன ஆண்டு, இன்ன மாதம் தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் விமானம் உமக்குரியது என்னும் உறுதியே அது. அவ்விடத்துக்கு முன்பணம் கட்ட வேண்டும். ஒப்படைப்பு நாள் நெருங்க நெருங்கத் தவணைகளாக மேலும் செலுத்த வேண்டும். விலையின் பெரும்பகுதி விமானம் கைமாறும் நாளில்தான் கொடுக்கப்படுகிறது. கூலியும் மூலப்பொருள் விலையும் ஏறினால் விமானத்தின் விலையும் ஏறுமாறு ஒப்பந்தத்தில் சூத்திரம் வகுத்திருப்பார்கள்.

ஆர்டரிலும் தரங்கள் உண்டு. உறுதி ஆர்டர் என்பது கட்டாயம் வாங்கவேண்டியது. விருப்ப உரிமை என்பது, குறித்த தேதிக்குள் வேண்டுமென்று சொன்னால் முன்பேசிய விதிகளின்படி பெறக்கூடியது. கொள்முதல் உரிமை இதனினும் தளர்ந்தது. அதில் வரிசையின் இடம் நிச்சயமில்லை. பத்திரிகைச் செய்திகள் இம்மூன்றையும் ஒன்றாகக் கூட்டிப் பெரிய எண்ணாக வெளியிட்டுவிடுகின்றன. 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கான ஆர்டரை அறிவித்தது. விருப்ப உரிமையும் கொள்முதல் உரிமையும் சேர்ந்து 370. இரண்டையும் கூட்டி 840 என்று சிலர் எழுதினர். அந்த 470இலும் நெடுந்தூரத்துக்கான பெரிய விமானங்கள் 70 மட்டுமே: ஏ350 நாற்பது, 787-9 இருபது, 777எக்ஸ் பத்து. எஞ்சிய 400, சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் இடையே பறப்பது போன்ற குறுகிய உடல் விமானங்கள். கொல்கத்தா பிரயாணிக்கு லண்டன் சேவை வேண்டுமாயின், அவர் கவனிக்க வேண்டிய எண் இந்த 70தான்.

தாமதம் எங்கே பிறக்கிறது?

ஆர்டருக்கும் ஒப்படைப்புக்கும் இடையே நான்காண்டு செல்வது புதிதன்று. ஏர் இந்தியா தன் முதல் போயிங் 707 விமானங்களுக்கு 1956இல் ஆர்டர் கொடுத்தபோது, விற்பனைக்குரிய 707 ஒன்றேனும் வானில் எழுந்திருக்கவில்லை. முதல் விமானம் 1960 பிப்ரவரியில் வந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் நியூயார்க் சேவை தொடங்கிற்று. 1962இல் தன்னிடமுள்ள விமானங்கள் அனைத்தும் ஜெட் விமானங்களே என்னும் பெருமையை உலகிலேயே முதலாவதாக அக்கம்பெனி எய்தியது.

787இன் வரலாறு இவ்வளவு இனியதன்று. 2005 டிசம்பர் இறுதியில் ஏர் இந்தியா 27 விமானங்களுக்கு ஒப்பந்தம் செய்தது. முதல் விமானம் 2008இல் வரவேண்டியது. 2012 செப்டம்பரில்தான் வந்தது. காரணம் இவ்விமானம் செய்யப்படும் முறையிலேயே இருந்தது. இதன் உடலிலும் இறக்கையிலும் எடையில் ஏறத்தாழப் பாதி, கார்பன் இழையும் பிசினும் சேர்ந்த கூட்டுப்பொருள். இறக்கை ஜப்பானிலும், உடற்பகுதிகளில் சில இத்தாலியிலும் செய்யப்பட்டு, ராட்சத சரக்கு விமானங்களில் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு ஒன்றாகப் பொருத்தப்படுகின்றன. ஒரு பகுதி தாமதித்தாலும் முழு வரிசையும் நின்றுவிடும். 2007 ஜூலை 8ஆம் நாள் பெரும் விழாவெடுத்து உலகுக்குக் காட்டிய முதல் விமானத்தில், உரிய இணைப்பாணிகள் கிடைக்காமையால் தாற்காலிக ஆணிகள் பல பொருத்தப்பட்டிருந்தன. அது வானில் எழுந்தது 2009 டிசம்பரில்தான்! கோடானுகோடி டாலர் மதிப்புள்ள திட்டம் ஒரு விரல் நீள ஆணிக்காகக் காத்திருந்தது பொறியியல் மாணவர்கள் மறக்கத்தகாத செய்தியாகும்.

பகுதிகள் வந்து சேர்ந்த பின்னரும் அவை சரியாகப் பொருந்த வேண்டும். உடற்பகுதிகள் இணையுமிடத்தில் தலைமயிரளவு இடைவெளி அனுமதித்த அளவை மீறினும், பல்லாண்டுப் பறப்பில் அவ்விடம் களைப்புற்றுப் பழுதுபடலாம். இத்தகைய இடைவெளிகள் காணப்பட்டமையால் 2021இலிருந்து 2022 ஆகஸ்ட் வரை 787 ஒப்படைப்பு பெரும்பாலும் நின்றிருந்தது. 777எக்ஸ் நிலைமை இன்னும் கடினம். 2013இல் அறிமுகமாகி 2020இல் ஒப்படைப்பதாயிருந்த இவ்விமானம், 2024இல் சோதனைப் பறப்பின்போது எஞ்சினைத் தாங்கும் உறுப்பில் விரிசல் கண்டு நிறுத்தப்பட்டது. முதல் ஒப்படைப்பு 2027இல் என்று 2025 அக்டோபரில் கம்பெனி அறிவித்தது. பாதுகாப்பு அதிகாரிகள் சான்றிதழ் அளிக்கும்வரை ஒரு பிரயாணியையும் ஏற்ற முடியாது. அவ்விதி தளராதிருத்தலே நன்று.

ஆசனமும் ஒரு தடையாகக் கூடும் என்றால் வாசகர் வியப்படையலாம். படுக்கையாக விரியும் முதல் வகுப்பு ஆசனம் ஒவ்வொன்றும் மின்மோட்டார்களும் திரையும் கொண்ட ஒரு யந்திரம். மோதலின் அதிர்ச்சியைத் தாங்குமா, தீப்பற்றாதா என்று தனியே சோதித்துச் சான்று பெறவேண்டும். இவ்வகை ஆசனங்களை வாங்குபவரே தேர்ந்தெடுத்து வேறு கம்பெனிகளில் செய்விப்பதால், விமானம் தயாராகி நிற்க ஆசனம் வராத விந்தையும் நேர்கிறது.

வரிசையைக் கடக்கும் வழி ஒன்றுண்டு. பிறருக்காகச் செய்து அவர் பெறமுடியாமற்போன விமானத்தை எடுத்துக்கொள்வதே அது. ஏர் இந்தியா ஆர்டர் அறிவித்து ஏறத்தாழப் பத்து மாதங்களில், 2023 டிசம்பரில், முதல் ஏ350-900 டில்லி வந்திறங்கியது எவ்வாறு? ரஷ்யாவின் ஏரோப்ளாட் கம்பெனிக்கென உருவான ஆறு விமானங்கள், 2022இன் பொருளாதாரத் தடைகளால் அக்கம்பெனியைச் சேரவில்லை. அவையே இந்தியாவுக்கு வந்தன. மற்றொரு வழி வாடகை. இண்டிகோ கம்பெனி 2024 ஏப்ரலில் 30 ஏ350 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. 2025இல் அதனை 60ஆக உயர்த்திற்று. அவை 2027இலிருந்து வரும் என்று முதலில் அறிவிக்கப்பட்டது. அதுவரை காத்திராமல், நார்வே நாட்டின் நார்ஸ் அட்லாண்டிக் கம்பெனியிடம் 787-9 விமானங்களை வாடகைக்கு எடுத்து, 2025 ஜூலையில் மும்பாயிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கும் மான்செஸ்டருக்கும் சேவை தொடங்கியது. கொல்கத்தா அப்பட்டியலில் இல்லை என்பதை வாசகர் கவனித்திருப்பர்.

ஒரு விமானத்தின் ஒரு நாள்

இதன் காரணம் எளிய கணக்கில் அடங்கும். கொல்கத்தாவிலிருந்து லண்டன் செல்ல எதிர்க்காற்றில் பத்து மணிக்கு மேலும், திரும்பிவர ஒன்பதரை மணி அளவும் ஆகும் என்று கொள்வோம். இரு முனைகளிலும் பிரயாணிகளை இறக்கி ஏற்றவும், துப்புரவுக்கும், எண்ணெய் நிரப்பவும் இரண்டிரண்டு மணி வேண்டும். மொத்தம் ஏறக்குறைய 24 மணி. அதாவது தினந்தோறும் ஒரே ஒரு சேவை நடத்த ஒரு விமானம் முழுவதும் செலவாகிவிடுகிறது. அதற்குப் பழுது பார்க்கவோ, மூடுபனியில் தாமதித்தால் ஈடுகட்டவோ சிறிதும் நேரமில்லை. ஆகவே மாற்று விமானம் ஒன்றின் பங்கும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். கையிருப்பு சிலவே எனில், கம்பெனி அவற்றை உயர்ந்த கட்டணம் தரும் பிரயாணிகள் மிகுந்த டில்லியிலும் மும்பாயிலும் ஈடுபடுத்தும். வியாபாரத்தில் இதைக் குறைகூற இயலாது; ஆயினும் சால்ட் லேக்கில் முதுமையில் தனித்திருந்து, அயல்நாட்டிலுள்ள மக்களைக் காணச் செல்லும் பெற்றோருக்கு இக்கணக்கு நள்ளிரவில் அயலூர் நிலையமொன்றில் காத்திருக்கும் சில மணி நேரமாக வந்து முடிகிறது.

தலைநகரத்தையே இப்பற்றாக்குறை விட்டுவைக்கவில்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வான்வெளி இந்திய விமானங்களுக்கு மூடப்பட்டதால், டில்லியிலிருந்து மேற்கே செல்லும் வழி நீண்டது. வழி நீண்டால் அதே சேவைக்கு அதிக விமான நேரம் வேண்டும். அவ்வாண்டு ஜூனில் ஆமதாபாத்தில் ஏர் இந்தியாவின் 787 விமானம் வீழ்ந்து, தரையிலிருந்தோர் உட்பட 260 பேர் மாண்டனர். அதன்பின் சோதனைகளை மிகுதிப்படுத்துவதற்காகப் பெரிய விமானங்களின் அயல்நாட்டுச் சேவைகள் சில வாரங்கள் 15 சதவீதம் குறைக்கப்பட்டன. செப்டம்பர் 1 முதல் டில்லி-வாஷிங்டன் சேவை நிறுத்தப்பட்டது. மூடிய வான்வெளியையும், 26 பழைய 787-8 விமானங்களை உட்புறம் புதுப்பிக்க ஒவ்வொன்றாகப் பணிமனைக்கு அனுப்பவேண்டியதையும் கம்பெனி காரணமாகக் காட்டிற்று.

அப்புதுப்பிப்பு 2027ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் முடியும் என்பது 2025இல் வெளியிட்ட திட்டம். அதுவரை பல விமானங்கள் மாதக்கணக்கில் பணிமனையிலேயே நிற்கும். புதிதாக வருபவற்றுள் ஒரு பகுதி அவற்றின் இடத்தை நிரப்பவே போதும். அதற்கு மேல் வரும் விமானத்தில்தான் கொல்கத்தா போன்ற நகரங்கள் பங்கு கேட்க இயலும்.