உங்களுக்குத் தெரியுமா? மஞ்சள் கொடி ஆடும் நேரம்

கோவில்பட்டி நான்குவழிச் சாலையில் லாரி பழுதாகி நின்றால், ஓரத்துக் கருவேல மரத்தில் ஒரு கொப்பை ஒடித்து வண்டிக்குப் பின்னால் போடுவார்கள். கார் பந்தயத்தில் அந்த வேலையைச் செய்வது மஞ்சள் கொடி. மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடும். கொப்பை லாரியின் காலடியிலேயே போட்டால் பயனில்லை. பந்தயத் தடத்திலும் விபத்து இடத்துக்கு முந்தைய கொடிமேடையிலேயே கொடி ஆடத் தொடங்கிவிடும்.

* * *

சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயத் தடம் இருக்கிறது. அங்கும் உலகின் பெரும்பாலான தடங்களிலும் விதி ஒன்றுதான். ஒரு மஞ்சள் கொடி ஆடினால் வேகத்தைக் குறை, முந்தாதே. இரண்டு கொடி சேர்ந்து ஆடினால் நிறுத்தவும் தயாராக இரு. தடத்தில் ஆள் நிற்கலாம்.

* * *

சரி, 'குறை' என்றால் எவ்வளவு? இந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் ஓர் உயிர் போனது. 2014 அக்டோபர் 5, ஜப்பானின் சுசூகா, மழை. சறுக்கி வெளியே போன ஒரு காரைத் தூக்க கிரேன் வண்டி வந்து நிற்கிறது. இரட்டை மஞ்சள் கொடி ஆடுகிறது. அடுத்த சுற்றில் அதே இடத்தில் சறுக்கிய ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஜூல்ஸ் பியான்கியின் கார் அந்தக் கிரேன் வண்டியிலேயே மோதியது. ஒன்பது மாதம் நினைவு திரும்பாமல் கிடந்து, 2015 ஜூலை 17-ல் இறந்தார். வயது 25.

அவர் போதிய அளவு வேகம் குறைக்கவில்லை என்றது விசாரணை. ஆனால் பக்கத்துக்காரன் குறைக்காதபோது தான் மட்டும் எப்படிக் குறைப்பது? ஓட்டப்பிடாரம், எட்டயபுரம் பக்கம் மாட்டுவண்டி எல்கைப் பந்தயம் பார்த்தவர்களுக்கு இது புரியும். முன்னால் ஒரு வண்டி கவிழ்ந்தாலும் கயிற்றை இழுத்துப் பிடிக்கச் சாரதிக்கு மனம் வராது. அதனால் 2015-ல் 'விர்ச்சுவல் சேஃப்டி கார்' என்ற ஏற்பாடு வந்தது. எவ்வளவு மெதுவாகப் போக வேண்டும் என்ற கணக்கு எல்லா ஓட்டுநர் கண்முன்னும் தெரியும். யாருக்கும் பெரிதாக நட்டமில்லை. இதைவிட நியாயமான விதி பந்தயத்தில் இல்லை என்பேன்.

* * *

பந்தயக் கார்களுக்கு முன்னால் மெதுவாக ஓடி வேகத்தைக் கட்டுப்படுத்தும் நிஜமான சேஃப்டி கார் ஃபார்முலா ஒன்னில் முதலில் வந்தது 1973-ல், கனடாவில். முதலிடத்துக்காரர் என்று நினைத்து வேறொருவர் முன்னால் போய் நின்றது அந்த மஞ்சள் போர்ஷே. வென்றவர் யார் என்று முடிவுசெய்யப் பல மணி நேரம் ஆயிற்று.

* * *

மெதுவாகப் போவதிலும் ஆபத்து உண்டு. 1994-ல் இத்தாலியின் இமோலாவில் சேஃப்டி காராக வந்த ஓப்பல் வெக்ட்ரா, பந்தயக் கார்களுக்கு மிக மெதுவான வண்டி. பின்னால் ஊர்ந்த கார்களின் டயர் குளிர்ந்து காற்றழுத்தம் குறையும். பந்தயம் மறுபடி தொடங்கிய இரண்டாம் சுற்றில் ஓட்டுநர் அயர்டன் சென்னா சுவரில் மோதி இறந்தார். காரணங்களில் ஒன்றாக அந்தக் குளிர்ந்த டயரையும் இன்றுவரை சொல்கிறார்கள்.

* * *

அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயத்தில் 2003 வரை ஒரு விபரீத வழக்கம்: மஞ்சள் கொடி ஆடிய பிறகும் தொடக்கக் கோட்டைத் தொடும்வரை முழு வேகத்தில் போட்டிபோடலாம். அந்த ஆண்டு நியூ ஹாம்ப்ஷயரில் டேல் ஜாரெட்டின் கார் நடுத்தடத்தில் நின்றுபோக, மற்றவர்கள் அதை உரசாத குறையாகப் பறந்தார்கள். அடுத்த பந்தயத்திலேயே வழக்கம் ஒழிந்தது.

* * *

2022-ல் அதே சுசூகா, அதே மழை. ஃபார்முலா ஒன் ஓட்டுநர் பியர் காஸ்லி தன் காரை ஓட்டிவந்தபோது பக்கத்திலேயே ஒரு கிரேன் வண்டி தடத்தில் நின்றது. கொதித்துப்போனார். அதன்பிறகுதான், தடத்துக்குள் மீட்பு வண்டி இறங்கினால் எல்லா அணிகளுக்கும் உடனே செய்தி போகும் ஏற்பாடு வந்தது.