விடுமுறையில் ஊருக்கு வருவோரும் மாரத்தான் பயிற்சியும்

லண்டனிலும் டொராண்டோவிலும் வாழும் நம் பிள்ளைகளுள் பலர் இப்போது மாரத்தான் ஓடுகின்றனர். பெர்லின் மாரத்தான் செப்டம்பரிலும் சிகாகோ மாரத்தான் அக்டோபரிலும் நடைபெறுவதால், 42.195 கிலோமீட்டர் ஓட்டத்திற்கான கடுமையான பயிற்சி வாரங்கள் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அமைகின்றன. பள்ளி விடுமுறைக்கு அவர்கள் குடும்பத்தோடு சென்னைக்கு வருவதும் அப்போதுதான். பயிற்சி தடைபடக் கூடாதென்று, வந்திறங்கிய மறுநாளே 20 கிலோமீட்டர் ஓடப் புறப்படுவோர் உண்டு. பிறந்து வளர்ந்த ஊர்தானே, இந்த வெயில் புதிதா என்று கேட்கின்றனர். குளிர்நாட்டில் சில ஆண்டுகள் வாழ்ந்த உடல் அந்தப் பழக்கத்தை இழந்திருக்கும் என்பதே எங்கள் விடை.

ஓடும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெப்பமாகவே வெளிப்படுகிறது. வியர்வை ஆவியாகும்போதுதான் அவ்வெப்பம் நீங்கும். வழிந்து கீழே சொட்டும் வியர்வையால் பயனில்லை. கடலோர நகரங்களில் காற்றின் ஈரப்பதம் மிகுதி. அதிகாலையில் வெயில் இல்லாவிடினும் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். ஆகவே விடியற்காலை ஓட்டம் நண்பகல் ஓட்டத்தினும் மேலானதே தவிர, முற்றிலும் இடரற்றதன்று. 2019ஆம் ஆண்டு தோகாவில் உலகத் தடகளப் போட்டியின் மகளிர் மாரத்தான் நள்ளிரவில் தொடங்கியது. வெயிலே இல்லை, எனினும் ஓடத் தொடங்கிய 68 வீராங்கனைகளுள் 28 பேரால் முடிக்க இயலவில்லை.

உடல் வெப்பத்திற்குப் பழக 10 முதல் 14 நாள்கள் தேவை. முதல் சில நாள்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. பின்னர் வியர்வை விரைவில் தொடங்கி மிகுதியாகச் சுரக்கிறது, அதில் உப்பின் அளவு குறைகிறது. எனவே முதல் வாரத்தில் தொலைவைப் பாதியாகக் குறைத்து, உரையாடிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடுவது போதும். கைக்கடிகாரம் காட்டும் வேகத்தை அந்நாள்களில் பொருட்படுத்த வேண்டாம். பயணக் களைப்பும் உறவினர் வீட்டு விருந்துகளும் உறக்கத்தைக் கெடுத்த நாளில் ஓடாதிருப்பதே நன்று. வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ இருந்தால் ஓடவே கூடாது.

நீர் அருந்துவதிலும் அளவு வேண்டும். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 பேருள் 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடுமளவு நீர் அருந்தியது அதற்கு முதன்மைக் காரணம். தாகத்திற்கேற்ப அருந்துங்கள். நீண்ட ஓட்டங்களுக்குப் பின் உப்பிட்ட நீர்மோர் மிகவும் ஏற்றது. ஓட்டத்திற்கு முன் வலிநிவாரணி மாத்திரை விழுங்கும் வழக்கத்தை விட்டொழியுங்கள். நீர்ச்சத்துக் குறைந்த வேளையில் ஐபுபுரூஃபன் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.

வீட்டில் இருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓடி வந்தவர் தள்ளாடினால், பேச்சுக் குழறினால், கேட்டதற்குப் பொருந்தாத விடை அளித்தால், அது வெறும் களைப்பன்று. ஹீட் ஸ்ட்ரோக் எனப்படும் வெப்பவாதமாக இருக்கலாம். தோல் வறண்டிருந்தால்தான் வெப்பவாதம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஓட்டத்தால் நேரும் வெப்பவாதத்தில் உடல் வியர்வையில் நனைந்திருக்கும்போதே உள்வெப்பம் 40 டிகிரி செல்சியசைக் கடந்திருக்கும். உடனே 108ஐ அழையுங்கள். ஊர்தி வரும்வரை காத்திராமல் குளிர்விக்கத் தொடங்குங்கள். நிழலில் கிடத்தி, மேலாடைகளைக் களைந்து, உடல் முழுவதும் தண்ணீரை இடைவிடாது ஊற்றி விசிறுங்கள். பனிக்கட்டி கிடைத்தால் ஈரத்துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் வையுங்கள். நினைவு மங்கியவர் வாயில் நீர் புகட்டாதீர்கள். பாராசிட்டமால் இவ்வெப்பத்தைத் தணிக்காது. முதல் அரை மணி நேரத்தில் உடல் வெப்பம் எவ்வளவு குறைகிறதோ, அதைப் பொறுத்தே மூளையும் சிறுநீரகமும் காக்கப்படுகின்றன.

இரத்த அழுத்தத்திற்காகச் சிறுநீர் பெருக்கும் மாத்திரை உட்கொள்வோரும், நீரிழிவு, இதய நோய் உடையோரும் இங்கு பயிற்சியைத் தொடங்குமுன் தம் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். ஊர் திரும்பிய சில வாரங்களில் வெப்பப் பழக்கம் மறைந்துவிடும். அடுத்த ஆண்டு வரும்போதும் இதே 14 நாள்கள் தேவைப்படும்.